வலைக்கு இரண்டாம் ஆள்

மேட்டுக்குப்பம், பழவேற்காடு
6.9.2023

அன்புத் தம்பி சுபாஷுக்கு,

அண்ணன் தருமன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி காந்தா, பாப்பா பானுப்ரியா மூவரும் எல்லையம்மன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? ஜெயில் சாம்பாரில் புளி அதிகம் என்றாயே, மோர் கேட்டால் தருவார்களா?

போனில் பேசினால் உனக்கு அழுகை வருகிறது, எனக்குக் கோபம் வருகிறது, அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற கை, தம்பிக்கு நாலு வரி எழுதாதா? அங்கே ஒரு ஆபீசர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார் என்று தெரியும். படிக்கட்டும், நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

நீ உள்ளே போய் ஒன்றரை வருடம். உன்னோடு என் வலையையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். ஆபீசர் ஐயாவுக்குப் புரியட்டும் என்று சொல்கிறேன்: ஏரியில் இறால் ஓடுகிற இடங்களை எங்கள் ஊர் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை வரும். அதற்குப் பாடு என்று பெயர். கழி ஊன்றி வலை கட்ட இரண்டு பேர் வேண்டும். என் இரண்டாம் ஆள் உங்களிடம் இருக்கிறான். இத்தனை நாள் யாரையாவது கெஞ்சி ஏற்றி விட்டு விட்டு ஓட்டினேன், இப்போது கூலி கூட்டிக் கூப்பிட்டும் பார்த்தேன். கொலைக் கேஸ் வீடு என்று ஒருத்தனும் படகில் ஏறவில்லை. தொடர்ந்து மூன்று பாடு விட்டால் அந்த வீட்டுக்கு ஏரியில் இடம் கிடையாது. இரண்டு விட்டாயிற்று. நாற்பத்தொன்பது வயதில் நான் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

இறால் வியாபாரி மீரான் பாயைப் பார்த்தேன். "உன் தம்பி துடுப்பால குப்பனை அடிச்சத நான் பார்த்தேன் தருமா. கோர்ட்லயும் அதத்தான் சொல்வேன். அதுக்காவ உன் இறால வாங்க மாட்டேன்னு நெனச்சிக்காத" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பாய்க்குக் கண்ணாடி மாற்றுகிற வயது. நீ அடிக்கவில்லை என்று என்னிடம் சொன்னாய். எனக்கு அது போதும்.

வேளைக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
தருமன்

மத்திய சிறை
24.9.2023

அன்பு அண்ணா,

நான் சுகம். அண்ணியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல். மோர் நான் கேட்கவில்லை. இங்கே எதையும் கேட்கக் கூடாது, கேட்டால் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

வலைக்கு ஆள் இல்லை என்று படித்ததும் தூக்கம் போய்விட்டது. உனக்கு ஒரு ஆளை அனுப்புகிறேன். பெயர் பிரகாஷ். என் அறையில் ஏழு மாதம் இருந்தான், போன வாரம் வெளியே போனான். நல்லவன், பலசாலி. இங்கே என்னை ஒருத்தன் கை வைக்காமல் பார்த்துக்கொண்டவன் அவன்தான். அவன் இல்லையென்றால் நான்... அதை விடு.

வெளியாளைப் பாட்டில் ஏற்ற ஊர் விடாது என்று தெரியும். அண்ணியின் சொந்தம் என்று சொல்லிவிடு. சூளூர்பேட்டைப் பக்கத்து மாமன் மகன் என்றால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? எனக்காக இதைச் செய்.

உன் தம்பி,
சுபாஷ்

மேட்டுக்குப்பம்
18.10.2023

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். முதல் மழை விழுந்து ஏரித் தண்ணீர் கலங்கியிருக்கிறது. அங்கே ஒழுகுகிறதா? போர்வை தருகிறார்களா?

உன் பிரகாஷ் வந்து சேர்ந்தான். பையில் இரண்டு லுங்கி, ஒரு சீப்பு, அவ்வளவுதான். வந்த அன்றே காந்தாவை "அண்ணி" என்றான், பானுப்ரியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நீ சொல்லியிருப்பாய்.

ஊர்க் கூட்டத்தில் தலைவர் சும்மா விடவில்லை. "சொந்தம்னு சொல்றது வாய், சத்தியம் பண்றது கையி" என்று எல்லையம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டார். நான் உள்ளங்கையை வைத்து அணைத்தேன். காந்தாவின் தாய்மாமன் மகன் என்று சத்தியம் செய்தேன். இந்த ஊரில் பிறந்து நான் சொன்ன முதல் பொய், அதையும் அம்மன் முன்னால் சொல்லியிருக்கிறேன். காந்தா நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள்: "இன்னாய்யா மனுசன் நீ? வேலில போற ஓணான எடுத்து மடில உட்டுகினு குந்திகினுகீற."

ஆனால் பாடு தப்பியது தம்பி. ஆள் வேலை தெரியாதவன்தான், இரண்டு தடவை காட்டினால் பிடித்துக்கொள்கிறான். வலை நிறைய வெள்ளை இறால். மீரான் பாய் எடுத்துப் பார்த்து, "ஒன்ர வருசம் கழிச்சி தருமன் மொகத்துல பல்லு தெரியுது" என்று சிரித்தார்.

ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. கரையில் சாப்பிடும்போது நாய் ஒன்று அவன் மீனைக் கவ்வியது. எழுந்து போய்த் துடுப்பால் அதன் காலை உடைத்தான். கோபமே இல்லை. வந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க அண்ணி" என்றான். ஜெயிலில் இருந்து வந்தவன், அப்படித்தான் இருப்பான் என்று காந்தாவிடம் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மத்திய சிறை
5.11.2023

அன்பு அண்ணா,

சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் முகத்தில் பல் தெரிந்தது என்றதும் இங்கே என் முகத்திலும் தெரிந்தது.

நாய் விஷயத்தைப் பெரிதாக எடுக்காதே. பிரகாஷ் சொன்னால் கேட்பான்.

மீரான் பாய் இப்போதும் நம் கழிக்கே வருகிறாரா, கரையில் நின்று வாங்குகிறாரா? கூட ஆள் வருகிறதா, தனியாகத்தான் வருகிறாரா? சும்மா கேட்டேன். ஏரியை நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது. விவரமாக எழுது. பாப்பா நன்றாகப் படிக்கட்டும்.

சுபாஷ்

மேட்டுக்குப்பம்
17.11.2023

அன்புத் தம்பிக்கு,

காந்தாவும் பாப்பாவும் சுகம். எனக்குத்தான் நாலு நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல். வயது போகிற வழியைக் காட்டுகிறது.

ஏரியை எழுது என்றாய். ஜெயில் சுவருக்குள் நாலு வரியாவது தண்ணீர் ஓடட்டும், எழுதுகிறேன்.

நீ போன பிறகும் எதுவும் மாறவில்லை. பாட்டு நாளில் விடியும்போது வலையைத் தூக்குகிறோம். ஒருத்தன் பாடு பிடிக்கிற அன்று அந்தக் கழிகளுக்குக் கூப்பிடு தூரத்தில்கூட இன்னொருத்தன் படகு வராது. நம் அப்பா காலத்து மரியாதை, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வியாபாரி மட்டும் வரலாம். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில், தெற்கே மணல் திட்டைச் சுற்றிக்கொண்டு மீரான் பாய் தன் சின்னப் படகைத் தானே தள்ளிக்கொண்டு ஐஸ் பெட்டியோடு வருவார். ஆள் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை, உனக்குத்தான் தெரியுமே. தனி ஆள்தான். நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி நின்று, இறாலைக் கையில் எடுத்து மோந்து பார்ப்பார். நடுவில் அவர் மகள் ஷிஃபாவின் படிப்பைப் பற்றி ஒரு பாட்டம் பேசுவார். டாக்டருக்குப் படிக்க வைக்கப் போகிறாராம்.

பிரகாஷும் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறான். ஆழம் எவ்வளவு, பாய் எப்போது வருவார், எந்தப் பக்கமாகப் போவார் என்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிறான். தொழிலில் அக்கறை இருக்கிறது. காந்தாவுக்கு மட்டும் அவனைப் பிடிக்கவில்லை. "அவன் கண்ணு வலையில இல்லய்யா" என்கிறாள். பெண்களுக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது.

தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். நீ உள்ளே இருந்துகொண்டே எனக்கு ஆள் அனுப்பினாயே, அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன்.

தருமன்

மத்திய சிறை
2.12.2023

அன்பு அண்ணா,

உன் காய்ச்சல் கேட்டு மனசு சரியில்லை. தண்ணீரில் இறங்காதே. மார்கழி முதல் வாரம் வருகிற பாட்டுக்குப் பிரகாஷ் மட்டும் போகட்டும். அவன் ஒற்றை ஆளாகவே சமாளிப்பான். கூட யாரையும் அனுப்பாதே, பங்கு கேட்பார்கள். அன்றைக்கு நீயும் அண்ணியும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முதல் பஸ்ஸில் போனால்தான் டாக்டரைப் பார்க்க முடியும்.

ஜனவரி கடைசியில் கேஸ் விசாரணைக்கு வருகிறது. சாமி கும்பிடு.

என் கடிதங்களைச் சேர்த்து வைக்காதே அண்ணா. வீட்டில் கரையான் ஏறும்.

சுபாஷ்

மேட்டுக்குப்பம்
23.12.2023

தம்பி,

காய்ச்சல் விட்டுவிட்டது. விடாமலே இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை நீ சொன்னபடியே முதல் பஸ்ஸில் பொன்னேரி போனோம். ஊசி போட்டுக்கொண்டு மதியம் திரும்பினால் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். மீரான் பாயின் படகு ஆளில்லாமல் மிதந்து வந்திருக்கிறது. கையால் இறால் தடவிப் பிடிக்கிற முனியம்மாள் பார்த்துவிட்டுத் தேடிப் போயிருக்கிறாள். நம் கழியில், நம் வலையில் சிக்கித் தலை மட்டும் மேலே தெரிய பாய் கிடந்திருக்கிறார். வலது கை மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. தலையில் பதினான்கு தையல். அடித்தது நம் வீட்டுக் கழி தம்பி, நீயும் நானும் சீவிய கழி. உயிர் இருக்கிறது. சென்னைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். பிரகாஷ் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவன் எந்த ஊர்? அவன் பெயர் பிரகாஷ்தானா? எந்தக் கேஸில் உள்ளே வந்தான்? தெரிந்ததை உடனே எழுது, நான் போலீசுக்குச் சொல்ல வேண்டும். பாயின் மனைவி மஸூதா என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

தருமன்

மேட்டுக்குப்பம்
12.1.2024

சுபாஷுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இருபது நாளாகப் பதில் இல்லை.

ஊர் கூடியது. சூளூர்பேட்டைக்கு ஆள் அனுப்பி விசாரித்துவிட்டார்கள். காந்தாவுக்கு அப்படி ஒரு மாமன் மகன் கிடையாது என்று தெரிந்துவிட்டது. தலைவர் கத்தவில்லை. "கற்பூரத்த அணச்சியே தருமா, கை சுடல?" என்று மட்டும் கேட்டார். பாடு போயிற்று, ஊர்க் கணக்கில் நம் வீட்டுத் தலைக்கட்டும் போயிற்று. யார் வீட்டு நல்லது கெட்டதிலும் எனக்கு இடம் இல்லை. பானுப்ரியாவோடு பள்ளிக்கூடம் போகிற பெண்கள் தெருமுனையிலேயே பிரிந்து போகிறார்கள். போலீஸ் மூன்று முறை கூப்பிட்டுவிட்டது.

படகு கரையில் கிடக்கிறது. செய்ய வேலை இல்லாதவன் என்ன செய்வான்? உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். அரிசி டிரம்மில்தான் வைத்திருக்கிறேன், கரையான் ஏறவில்லை.

ஒரே ஒரு கேள்வி. பாய் தனியாகத்தான் வருகிறாரா என்று எதற்குக் கேட்டாய்?

தருமன்

மத்திய சிறை
9.2.2024

அன்பு அண்ணா,

நீ, அண்ணி, பாப்பா எல்லோரும் நலமா? எனக்கு வயிற்றுவலி பரவாயில்லை.

நல்ல செய்தி. முக்கிய சாட்சி கோர்ட்டில், அன்றைக்கு எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். வேறு சாட்சி இல்லை. அடுத்த மாதம் விடுதலை நிச்சயம் என்று வக்கீல் சொல்கிறார். அம்மன் கண் திறந்துவிட்டாள்.

அன்றைக்கு வரும்போது என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வா. புதிய செருப்பும் வேண்டும்.

சுபாஷ்

மேட்டுக்குப்பம்
10.4.2024

அன்பு அண்ணா,

நான் வெளியே, நீ உள்ளே. இப்படி எழுத வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. பிரகாஷுக்கு இடம் கொடுத்ததற்காக உன்னைப் பிடித்துப் போனபோது நான் இன்னும் அங்கே வேறு பிளாக்கில்தான் இருந்தேன். நேரில் வந்து கம்பிக்கு அப்பால் உன்னைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது?

எல்லையம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், பாயிடம் பேசச் சொல்லித்தான் அனுப்பினேன். அடிக்கச் சொல்லவில்லை. பிரகாஷ் ஒருமுறை வாக்குக் கொடுத்தால் நிறுத்த முடியாது. உள்ளே அவனிடம் நான் பட்ட கடன் அப்படி. அந்த ஏழு மாதத்தை உன்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இரண்டு வருடம் அண்ணா! குப்பன் செத்தது செத்தான். நான் ஏன் சாக வேண்டும்?

அண்ணி என் கையில் ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு விஷயம். பொய்ச் சத்தியம் பண்ணியது அண்ணன்தான், தம்பி இல்லை என்று தலைவர் சொல்கிறார். பாட்டை எனக்கு விட்டுக்கொடுப்பதாக நீ ஒரு வரி எழுதினால் என் பேரில் சீட்டுப் போடுவார்களாம். பாடு நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்று, அரிசி டிரம்மில் தேடினேன், என் கடிதங்கள் இல்லை. எங்கே வைத்தாய்? எழுதினால் எடுத்து எரித்துவிடுகிறேன். உனக்கும் அதுதான் நல்லது.

உன் தம்பி,
சுபாஷ்

மத்திய சிறை
29.4.2024

சுபாஷுக்கு,

அண்ணன் எழுதுவது. நலம் என்று எழுத வரவில்லை. ஒரு பொய்க்கே இவ்வளவு ஆகியிருக்கிறது, சின்னப் பொய்யும் இனி வேண்டாம். ஆபீசர் ஐயாவும் படிக்கட்டும். ஒளிக்க என்ன இருக்கிறது என்று ஒரு காலத்தில் எழுதினேன். இப்போதுதான் அது உண்மை.

பேசத்தான் சொன்னேன் என்கிறாய். பேசுவதற்கு நான் இல்லையா? பாய் என்னிடம் முகத்துக்கு நேரே பேசினாரே. பேச அனுப்புகிறவன் அவர் தனியாக வருகிறாரா என்று ஏன் கேட்கிறான்? அண்ணனை ஏன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறான்?

மஸூதா மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தாள். பாய் இன்னும் வலது கையால் சோறு அள்ள முடியாமல் இருக்கிறாராம். கோர்ட்டுக்கு முந்தின நாள் ஷிஃபாவின் பள்ளிக்கூட வாசலில் பிரகாஷ் சீப்பால் தலைவாரிக்கொண்டு நின்றிருக்கிறான். அவளைப் பார்த்துச் சிரித்தானாம், அவ்வளவுதான். அதன் பிறகுதான் பாய்க்குக் கண் தெரியாமல் போயிற்று. மஸூதா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவரு தனியாத்தான் வருவாருன்னு அவனுக்கு யாரு அண்ணே சொன்னது?" நான் சொன்னேன் என்றேன். எப்போது வருவார், எந்தப் பக்கமாக வருவார், எவ்வளவு தண்ணீரில் நிற்பார் எல்லாம் நான் கைப்பட எழுதிக் கொடுத்தேன் என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் மேல் வந்ததைவிட எனக்கு என் மேல்தான் வெறுப்பு அதிகம் வந்தது.

குப்பனை நீ அடித்தாயா என்று உன்னை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீயாகச் சொன்னதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். பாய்க்குக் கண் மங்கல் என்று எழுதினேன். மங்கியது என் கண். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், அது ஆடின ஆட்டத்தில் ஒரு நல்ல மனிதனின் கை போயிற்று. குப்பன் செத்தது செத்தான் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு வருடமாகக் காத்திருந்தேன் போல.

தலைவருக்கு எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். பொய்ச் சத்தியம் என்னுடையது, யோசனை தம்பியுடையது, பாட்டை வேறு வீட்டுக்குச் சீட்டுப் போடுங்கள் என்று எழுதினேன். நம் வீட்டுக் கழிகளைப் பிடுங்கிவிடவும் சொன்னேன்.

உன் கடிதங்களைத் தேடாதே. நான் சொல்லித்தான் காந்தா எடுத்துப் போனாள். போன திங்கட்கிழமை பொன்னேரியில் வக்கீலை வைத்துக்கொண்டு நாலையும் போலீசிடம் கொடுத்துவிட்டாள். மீரான் பாயும் கூடப் போய்ப் புது வாக்குமூலம் கொடுத்து, இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குப்பன் வீட்டார் மேல் கோர்ட்டுக்குப் போகிறார்கள். இதனால் எனக்கு விடுதலை கிடைக்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். நான் கேட்கவும் இல்லை.

இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் போலீஸ் ஆள் வந்திருக்கும். வராவிட்டால் எங்கேயும் ஓடாதே. குளித்து, சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திரு. வெள்ளைச் சட்டை வேண்டாம், இங்கே துவைத்துக் கட்டுப்படியாகாது. பழையதாக இரண்டு எடுத்துக்கொள்.

மோர் கேட்டால் தருகிறார்கள். உனக்காகக் கேட்டுப் பார்த்தேன்.

தருமன்